ரேஷன் கார்டில் ஒரு குடும்பம், ரவுட்டரில் மூன்று

குடியாத்தத்தில் அப்பா, அம்மா. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். காட்பாடியில் கல்லூரி விடுதியில் மகள். ரேஷன் கார்டில் நான்கு பேரும் ஒரே குடும்பம். பொங்கலுக்கு எல்லாருக்கும் ஒரே பானைதான். நெட்ஃப்ளிக்ஸ் கணக்கில் மட்டும் இவர்கள் ஒரு குடும்பம் இல்லை. இந்த டிவி கணக்குக்காரரின் வீட்டைச் சேர்ந்ததல்ல என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது.

வட ஆற்காட்டில் இந்த அறிவிப்பு கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் இங்கே உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி தோல், ஷூ வியாபாரக் குடும்பங்களில் ஒருவராவது சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. வாரக் கடைசியில் வீடு திரும்புகிறவர்களைக் கணக்கெடுத்தால் மாளாது. மாவட்டமே 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் 2019-இல் மறுபடி மூன்றானது. தாலுகா ஆபீஸ் மாறியதே தவிர, யார் யாருக்கு என்ன உறவு என்பது மாறவில்லை. ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் அகராதியிலோ குடும்பம் என்றால் உறவு இல்லை, ஒரே இணைய இணைப்பு.

இது ஒன்றும் புதுச் சண்டை இல்லை. செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்பு ஒரு கேபிள் இணைப்பை ஸ்பிளிட்டர் போட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொள்வது தெருவுக்குத் தெரு நடந்தது. கேபிள்காரர் கம்பத்தில் ஏறிப் பார்த்து அறுத்துவிட்டுப் போவார். மறுநாள் மீண்டும் முளைக்கும். அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2017-இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, பெட்டிக்கு ஓர் எண் என்று ஆனதும் அந்த ஒயருக்கு வேலை இல்லாமல் போனது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் 2020-இல் கொண்டுவந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது: ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால் அதற்கான இணைப்புக் கட்டணம் முதல் டிவியின் கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அப்போது விதி வைத்தது. வீட்டுக்குள் இருந்தால் சலுகை, வீட்டைத் தாண்டினால் முழுக் கட்டணம் என்ற கணக்கு அப்போதே வந்துவிட்டது. ஸ்ட்ரீமிங்கில் கம்பம் ஏற ஆள் வேண்டாம், மென்பொருளே ஏறிப் பார்க்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நெட்ஃப்ளிக்ஸ் 2017 மார்ச்சில் ‘பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு’ என்ற பொருளில் ட்வீட் போட்ட நிறுவனம். அப்போது சந்தாதாரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ஓசியில் பார்க்கிறவன் நாளைக்குக் காசு கொடுப்பான் என்று விட்டுவைத்தார்கள். 2022-இன் முதல் காலாண்டில் பத்தாண்டுகளில் இல்லாதபடி 2 லட்சம் சந்தாக்கள் குறைந்தன. அடுத்த காலாண்டில் இன்னும் 9.7 லட்சம் போயின. காசு கட்டுகிற வீடுகள் சுமார் 22 கோடி, காசு கட்டாமல் பிறர் கணக்கில் பார்க்கிற வீடுகள் 10 கோடிக்கு மேல் என்று அந்த நேரத்தில் நிறுவனமே பங்குதாரர்களுக்குக் கணக்குச் சொன்னது. அதன் பிறகு அன்பு எங்கே நிற்கும்?

பாஸ்வேர்டுப் பகிர்வைக் கட்டுப்படுத்தும் சோதனை 2022 மார்ச்சிலேயே சிலி, கோஸ்டாரிகா, பெரு நாடுகளில் தொடங்கியிருந்தது. 2023 பிப்ரவரியில் கனடா, நியூசிலாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின். மே மாதம் அமெரிக்கா உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள். இந்தியாவுக்கு 2023 ஜூலை 20 அன்று வந்தது. பிரிந்து போவார்கள் என்று பயந்ததற்கு மாறாக ஆட்கள் சேர்ந்தார்கள்: 2023-இன் கடைசிக் காலாண்டில் மட்டும் 1.31 கோடிப் புதுச் சந்தாக்கள். 2024 முடிவில் மொத்தம் 30 கோடியைத் தாண்டியது. மற்ற நிறுவனங்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

இந்தியாவில் ஒரு வேறுபாடு உண்டு, அது இங்கே பலருக்கும் தெரியாது. அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவரை மாதம் 7.99 டாலர் கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ள வழி வைத்தார்கள். இங்கே கட்டுப்பாடு வந்தபோது அந்த வழியைத் திறக்கவில்லை. ஏற்கெனவே விலையைக் குறைத்துவிட்டோம், தனிக் கணக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் வாதம். ஆக, விடுதியில் இருக்கும் மகளைக் ‘கூடுதல் உறுப்பினர்’ ஆக்கலாம் என்று வெளிநாட்டு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு அமைப்புப் பகுதியில் தேடினால் கண் வலிக்கும், பொத்தான் கிடைக்காது.

வீடு எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஜி.பி.எஸ். வைத்துத் தேடுவதாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது இல்லை. மூன்று தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: இணைய இணைப்பின் ஐ.பி. முகவரி (அந்த இணைப்புக்கு உரிய எண்), ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண், அந்தக் கணக்கில் நடக்கும் நடமாட்டம். இதில் டிவிதான் மையம். போனும் லேப்டாப்பும் ஊர் சுற்றும். டிவி சுவரில் மாட்டினால் மாட்டியதுதான். அதனால் எந்த டிவியில் கணக்கு தொடர்ந்து ஓடுகிறதோ, அந்த டிவி இருக்கும் இணைப்பையே வீடாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே வைஃபையில் ஓடும் போன், டேப்லட், லேப்டாப் எல்லாம் தானாக அந்த வீட்டில் சேர்ந்துவிடும். டிவியே இல்லாத கணக்குக்கு வீடு குறிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளியூரில் போனில் பார்ப்பவர்களுக்கு மாதக்கணக்கில் எதுவும் கேட்காமல், டிவியில் போட்டவுடன் தடை வருவதற்குக் காரணம் இதுதான்.

ஐ.பி. முகவரி மட்டும் போதாதா என்றால், நம் ஊர் இணைப்புகளில் போதாது. வீட்டுக்குள் ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் உள் எண் ஒன்றைக் கொடுக்கிறது. வெளி உலகுக்கு எல்லாமே ஒரே எண்ணாகத் தெரியும். சின்ன ஃபைபர் நிறுவனங்கள் பல, வெளி எண் தட்டுப்பாட்டால், பல வீடுகளை மொத்தமாக ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் நிறுத்துகின்றன. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான்’ (WAN) ஐ.பி. என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அப்படிப்பட்ட கூட்டு வரிசையில்தான் நிற்கிறீர்கள். கல்லூரி விடுதி வைஃபையிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சில எண்கள்தான். எண் ஒன்றாக இருப்பதால் வீடு ஒன்றாகிவிடாது. அதனால்தான் கருவி அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கரண்ட் போய் வந்தால் எண் மாறுமே என்ற கேள்வி வரும். மாறும். மாறும்போது வீட்டிலுள்ள டிவி, போன் எல்லாம் ஒன்றாகவே புது எண்ணுக்குப் போகின்றன. அதே கருவிகள் அதே கூட்டமாக இருப்பதால் பெரும்பாலும் தொல்லை வருவதில்லை. தொல்லை வருவது வேறு இடங்களில்.

முதலாவது, ஹாட்ஸ்பாட். ஃபைபர் கேபிள் எங்கேயோ அறுந்துவிட்டது, சரிசெய்ய இரண்டு நாளாகும் என்கிறார்கள். அதுவரை போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை ஓட்டுகிறோம். அந்த நேரத்தில் டிவி வேறு இணைப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக அமைப்பு நினைக்கலாம். பிராட்பேண்டே இல்லாமல் தினமும் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கும் வீடுகளுக்கு இது தீராத தலைவலி: மொபைல் டேட்டாவின் வெளி எண் நிலையாக இருக்காது, போனும் அதன் சொந்தக்காரரோடு வேலைக்குப் போய்விடும். நாளைக்குத் தம்பி போனில் ஹாட்ஸ்பாட், மறுநாள் அக்கா போனில் என்றால் இன்னும் மோசம். வீட்டைக் குறிப்பதாக இருந்தால் எப்போதும் ஒரே சிம்மின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணையுங்கள். முடிந்தால் அந்த சிம்மை ஒரு பழைய போனில் போட்டு வீட்டிலேயே வைத்துவிடுவது மேல்.

இரண்டாவது, ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு. கீழே அப்பா பெயரில் ஒரு நிறுவனம், மாடியில் அண்ணன் பெயரில் வேறொரு நிறுவனம். ஒரே வாசல், ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர்த் தொட்டி. நெட்ஃப்ளிக்ஸ் கண்ணுக்கு இரண்டு வீடு. இதற்கு மலிவான தீர்வு ஒயர்தான். கீழ் ரவுட்டரின் பின்னால் உள்ள லேன் துளையிலிருந்து கேட்-6 கேபிள் ஒன்றை மாடிக்கு இழுத்து டிவியில் செருகினால் டிவி கீழ் வீட்டு இணைப்புக்கு வந்துவிடும். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை சரியாக வேலை செய்யும். மாடிக்கு 20 மீட்டரே அதிகம். வெயில் படும் சுவர் வழியாக இழுத்தால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள். வேலூர் வெயிலில் சாதா உறை சீக்கிரமே வெடித்துவிடும். கொல்லைமேட்டு வீடு 100 மீட்டரைத் தாண்டி இருந்தால் லேன் கேபிள் உதவாது. ஃபைபர் ஒயரை இழுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் இரண்டாவது சந்தாவே தேவலை.

மூன்றாவது, வி.பி.என்., அதாவது நாம் வேறு ஊரில் இருப்பதாகக் காட்டும் மென்பொருள். வேறு நாட்டுப் படம் பார்க்க யாரோ போட்டுக் கொடுத்ததை டிவி பெட்டியில் அப்படியே விட்டிருப்பார்கள். டிவி திடீரென்று சிங்கப்பூரில் இருப்பதாகக் காட்டும். முதலில் அதை அணையுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள்.

நான்காவது வகைக்குத் தொழில்நுட்பம் காரணமில்லை, குடும்பமே காரணம். பெங்களூரு மகன் தன் டிவியில் அறிவிப்பு வந்ததும் யோசிக்காமல் ‘வீட்டைப் புதுப்பி’ என்ற பொத்தானை அழுத்துவார். கணக்கு அவர் பெயரில் இருந்தால் உறுதி செய்யும் லிங்க்கும் அவருக்கே வரும், அழுத்தியதும் முடிந்துவிடும். அந்த நொடியில் வீடு பெங்களூருக்குப் போய்விட்டது. குடியாத்தத்து டிவி அந்நியமாகிவிட்டது. ராத்திரி அம்மா டிவியைப் போட்டால் தடை. “இன்னாடா பண்ண?” என்று போன் வரும். அம்மா மறுபடி புதுப்பிக்கச் சொன்னால் பெங்களூரு டிவி நிற்கும். இந்தக் கயிறிழுப்புக்கு முடிவே கிடையாது.

அதனால் அறிவிப்பு வந்ததும் இரண்டு பொத்தான்களையும் நிதானமாகப் பாருங்கள். ஒன்று வீட்டையே மாற்றுவது. வாடகை வீடு மாறினாலோ இணைய நிறுவனத்தை மாற்றினாலோ மட்டும் இதைத் தொட வேண்டும். டிவியில் ‘கெட் ஹெல்ப்’ பகுதிக்குள் ‘மேனேஜ் நெட்ஃப்ளிக்ஸ் ஹவுஸ்ஹோல்ட்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தால் கணக்கின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோ ஒரு லிங்க் போகும், அதைத் திறந்து உறுதி செய்ய வேண்டும். இன்னொன்று தற்காலிகமாகப் பார்ப்பது. கோடை விடுமுறைக்கு ஏலகிரியில் தங்கியிருக்கிறீர்கள், தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் இதைத்தான் அழுத்த வேண்டும். நான்கு இலக்கக் குறியீடு ஒன்று வரும். டிவியில் அடித்தால் சில நாட்கள் ஓடும். லிங்க்கும் சரி, குறியீடும் சரி, 15 நிமிடம்தான் உயிரோடு இருக்கும்.

அந்த 15 நிமிடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு தொடங்கும்போது யாரோ கொடுத்த பழைய மின்னஞ்சல். அதன் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லலாம் என்றால் கணக்கில் போன் எண்ணே சேர்க்கவில்லை, அல்லது சேர்த்த எண்ணை எப்போதோ விட்டாயிற்று. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும் மகனை எழுப்பிக் குறியீடு கேட்பதற்குள் நேரம் போய்விடும். தடை வருவதற்கு முன்பே கணக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் இப்போது திறக்கிறதா, போன் எண் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் சி.எம்.சி.க்கு வருகிறவர்கள் மட்டுமில்லை, திருவண்ணாமலையிலிருந்து வந்து உடன் தங்குகிறவர்களும் இதே நிலையில்தான். லாட்ஜ் டிவியில் தற்காலிகக் குறியீடு போட்டுப் பார்க்கலாம். அறையைக் காலி செய்யும்போது வெளியேற மறந்தால், அடுத்து வருகிறவர் உங்கள் கணக்கில் பார்ப்பார், உங்கள் பட்டியலையும் குழப்புவார். ஊருக்குப் போன பிறகும் சரிசெய்யலாம்: கணக்குப் பக்கத்தில் ‘அணுகல் மற்றும் கருவிகள்’ என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கிறது. எந்தக் கருவியில், எப்போது, ஏறத்தாழ எந்த ஊரில் ஓடியது என்று காட்டும். வேண்டாத கருவியை அங்கிருந்தே வெளியேற்றலாம். ஊர் பெயர் தப்பாகக் காட்டினால் பதறாதீர்கள். வேலூர் இணைப்பு சென்னை என்று காட்டுவது சகஜம், ஐ.பி. எண் பதிவான இடத்தைத்தான் அது சொல்கிறது.

மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலி போடுகின்றன. அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சந்தாவுக்கு 5 கருவி, அதில் டிவி அதிகபட்சம் 2 என்று வைத்தது. அது வீட்டைப் பார்க்கவில்லை, எண்ணிக்கையைப் பார்க்கிறது. இங்கே வரும் கோளாறு வேறு மாதிரி: விற்றுவிட்ட டிவியும் எரிந்துபோன, டிவியில் செருகும் ஸ்டிக்கும் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கும். அமைப்புகளில் கருவிகள் பட்டியலுக்குப் போய்ப் பழையதை நீக்கினால் இடம் கிடைக்கும். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் இணைந்து உருவானபோது மொபைல் திட்டத்துக்கு 1 கருவி, சூப்பருக்கு 2, பிரீமியத்துக்கு 4 என்று வைத்தது. போன் எண்ணும் ஓ.டி.பி.யுமே சாவி என்பதால் அங்கே பகிர்வு என்பது ஒவ்வொரு முறையும் சிம் வைத்திருப்பவரிடம் ஓ.டி.பி. கேட்பதுதான். ஐ.பி.எல். இறுதி ஓவரில் கேட்டுப் பாருங்கள், உறவின் ஆழம் தெரியும். யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம், தலைவரோடு சேர்த்து ஆறு பேரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்கிறது. 30 நாளுக்கு ஒரு முறை தானியங்கியாகச் சரிபார்ப்பதாக விதியிலேயே எழுதியிருக்கிறது.

பணக் கணக்குக்கு வருவோம். நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு வைத்த மாதக் கட்டணம்: மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649 ரூபாய். மூன்று வீடு சேர்ந்து பிரீமியம் எடுத்தால் 649. அதே மூன்று வீடும் தனித்தனியாக பேசிக் எடுத்தால் 597. பகிர்ந்தால்தான் 52 ரூபாய் நட்டம்! நான்கு வீடு என்றால் தனித்தனியாக 796; பகிர்ந்தால் 147 ரூபாய் மிச்சம், அதாவது வீட்டுக்கு 37 ரூபாய்க்கும் கீழே. ஆனால் சும்மா கிடைப்பதில்லை: பேசிக்கில் ஒரு நேரத்தில் ஒரு திரைதான், படமும் எச்.டி. அளவோடு நிற்கும், பிரீமியத்தில் நான்கு திரை, 4கே. 32 அங்குல டிவி வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு 4கே தேவையே இல்லை. 55 அங்குலம் வைத்திருப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

மொபைல் திட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 149 ரூபாய் என்று ஆசைப்பட்டு எடுத்துவிட்டு டிவியில் போட முயன்றால் ஓடாது. போன், டேப்லட்டில் மட்டும்தான். விடுதி மகளுக்கு இது போதும், வீட்டு டிவிக்கு ஆகாது. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: ஜியோ, ஏர்டெல் நிறுவனங்களின் சில ரீசார்ஜ்களிலும் ஃபைபர் திட்டங்களிலும் நெட்ஃப்ளிக்ஸ் சேர்ந்தே வருகிறது. அந்தந்த நிறுவனத்தின் ஆப்பில் போய்ச் செயல்படுத்தினால்தான் கிடைக்கும். தெரியாமல் அதை விட்டுவிட்டுத் தனியாகக் காசு கட்டும் வீடுகள் இருக்கின்றன.

சட்டப்படி இது குற்றமா என்று பயப்படுகிறவர்களுக்கு: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறர் பாஸ்வேர்டை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்தோடோ பயன்படுத்துவதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. அப்பா மனதாரக் கொடுத்த பாஸ்வேர்டில் மகள் பார்ப்பது அந்த வகையைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அது நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுவது. நிறுவனங்களும் இங்கே தடுக்கத்தான் செய்கின்றன. உண்மையான ஆபத்து வேறு. ‘ஒரு ஸ்கிரீன் மாதம் இவ்வளவு’ என்று டெலிகிராமில் கூவி விற்கிறார்களே, அந்தக் கணக்குகள் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியாது, திருடப்பட்டவையாகவும் இருக்கலாம். வீட்டுக் கட்டுப்பாடு வந்த பிறகு டிவியில் அவை நிலைப்பதும் இல்லை. காசைத் திருப்பிக் கேட்க ஆளும் இருக்காது. ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இங்கே அழுத்தவும்’ என்று வரும் போலிக் குறுஞ்செய்தியும் இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கிறது. நீங்கள் டிவியில் கேட்காமல் குறியீடோ லிங்க்கோ வந்தால் தொடாதீர்கள். கார்டு எண்ணைக் கொடுத்துப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

தனிக்கணக்கு என்று முடிவானால் முறைப்படி பிரிவது நல்லது. இத்தனை நாள் பார்த்த வரலாறும் பட்டியலும் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து புரொஃபைலை மாற்றும் வசதி இருக்கிறது. கணக்குக்காரர் அதை அனுமதித்த பிறகு, பிரிகிறவர் தன் புரொஃபைல் படத்தை அழுத்தி ‘டிரான்ஸ்ஃபர் புரொஃபைல்’ தேர்ந்து, தன் புது மின்னஞ்சலையும் கட்டண விவரத்தையும் கொடுக்க வேண்டும். குழந்தைகள் புரொஃபைலை இப்படி மாற்ற முடியாது. மாற்றிய பிறகும் பழைய கணக்கில் அந்தப் புரொஃபைலின் நகல் கிடக்கும். அதைக் கையால் நீக்க வேண்டும். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். டிக் செய்யாவிட்டால் பழைய டிவிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக யு.பி.ஐ. ஆட்டோபே. அண்ணன் கணக்குக்குத் தங்கை போனிலிருந்து மாதாமாதம் காசு போய்க்கொண்டிருந்தால், புரொஃபைலைப் பிரித்ததால் அது நிற்காது. யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வரும் அறிவிப்பை விளம்பரம் என்று தள்ளிவிடாமல் படித்தால் அந்த மாதக் காசே தப்பிக்கும். கொஞ்ச நாள் எதுவுமே வேண்டாம், தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் சந்தாவையும் ரத்து செய்துவிடலாம். கட்டிய மாதம் முடியும் வரை ஓடும், பார்த்த வரலாற்றை 10 மாதம் வரை வைத்திருப்பார்கள்.